பேர் சொல்லாத ஜெபம்

தெலுங்கு நாட்டுக் கொண்டாப்பூரில் ஒரு கிறிஸ்தவ நர்சரிப் பள்ளியில் ஆறு வருடம் ஆயாவாக இருந்தேன். வாடகை வீடு. சுவர் முழுக்க ஆட்டுக்குட்டி வரைந்திருந்தார்கள். வரைந்தவன் ஆட்டைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் அதை நாய் என்றே சொன்னார்கள். கேட்டுக்கு மேலே இங்கிலீஷில் ஒரு பலகை. 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று அர்த்தமாம். அந்தக் குடும்பத்தில் மிஸ்களுக்குப் பீங்கான் கப். எனக்கும் வாட்ச்மேனுக்கும் ஸ்டீல் டம்ளர்.

நான் பிறந்தது மாரெட்பள்ளி. பட்டாளத்தோடு வந்த ஆற்காட்டுக்காரர்கள் எங்கள் ஆட்கள். ஐந்தாவது வரை படித்தேன். கட்டிக்கொடுத்தது கொண்டாப்பூருக்கு. அப்போது அங்கே பாறையும் முள்ளும்தான். பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. கண்ணாடிக்குள் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்க ஆள் தேவைப்பட்டது. போனேன்.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். சேரும்போதே சொல்லிவிட்டேன். பெரிய மிஸ் சிரித்தார். "ஆண்டவர் எல்லாரையும் ஒரே மாதிரி நேசிக்கிறார் ஆயம்மா" என்றார். மறுநாளிலிருந்து ஏழரைக்கே வரச் சொன்னார். மிஸ்கள் எட்டரைக்கு வருவார்கள்.

எட்டரைக்கு ஜெப வட்டம். மிஸ்களும், பிள்ளையை விட வந்த அம்மாக்களில் நேரமிருக்கிறவர்களும் கைகோத்து நிற்பார்கள். ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். பெரிய மிஸ் அதை ஒரு நோட்டில் எழுதுவார். பிறகு எல்லாரும் கண்ணை மூடுவார்கள். பிள்ளைகள் ஓடிவிடாமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதனால் கண்ணைத் திறந்து வைத்திருக்க எனக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆறு வருடம் மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் யாரைப் பற்றியாவது பேசினால் புறணி. அங்கே அதே பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். "அந்தச் சகோதரி மாமியாரோடு சமாதானமாக வேண்டும்" என்று ஒருத்தி சொல்வாள். யாருக்கும் தெரியாத சண்டை அப்போதுதான் பதினாலு பேருக்குத் தெரியும். "மூணாவது மாடியில் இருக்கும் தம்பதிக்குக் குழந்தை பாக்கியம்." பதினாலு தலையும் ஆடும். ஆமென் சொன்னதும் இரண்டு மூன்று பேர் ஓரமாக ஒதுங்குவார்கள். குறிப்பில் விட்டுப்போனதைக் கேட்டுக்கொள்ள.

மற்றபடி விசா கேட்பார்கள். ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலை கேட்பார்கள். வேலைக்காரி நின்றுவிடக் கூடாது என்று கேட்பார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

அந்த வருடம் அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்தது. இங்கே கண்ணாடிக் கட்டடங்களில் ஆட்களை வெளியே அனுப்ப ஆரம்பித்தார்கள். வட்டத்தில் விசாப் பேச்சு நின்றது. இருக்கிற வேலை போகக் கூடாது என்று கேட்டார்கள்.

அதில் ஒரு அம்மா. திருநெல்வேலிப் பக்கம். அவள் வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர். சர்ச் மூலமாகப் பார்த்து முடித்த கல்யாணம். காலையில் அவர் ஸ்கூட்டரில் மனைவியையும் மகளையும் இறக்கிவிட்டு ஆபீஸ் போவார். அவள் வட்டத்தில் நின்று ஜெபித்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போவாள். பன்னிரண்டரைக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப் போவாள். ஆண்டவர் தனக்குச் செய்ததைத் தினமும் தமிழில் சாட்சி சொல்வாள், சென்னைக்கார மிஸ் அதை இங்கிலீஷில் சொல்வார்.

"எத்தனையோ பேருக்கு வேலை போயிட்டு. எங்க வீட்டுக்காரவுக வேலைய ஆண்டவர் கண்மணி மாதிரி காத்தாரு. நாங்க ஒழுங்கா ஜெபிச்சோம். அதான்."

வேலை போனவர்கள் ஒழுங்காக ஜெபிக்கவில்லை என்பது அதற்குள் இருந்தது. எல்லாரும் சத்தமாக அல்லேலூயா சொன்னார்கள்.

ஒரு நாள் குப்பை கொட்டப் பின்சந்துக்குப் போனேன். அங்கே அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் போட்டபடியே டீ குடிக்கப் பார்த்தார். டீ ஹெல்மெட்டுக்கும் சட்டைக்கும் போனது.

"இன்னா சார், ஆபீஸ் இல்லியா?"

"லீவுங்க அக்கா."

மறுநாளும் அங்கேயே. அதற்கு மறுநாளும்.

"இன்னா சார் இது, ஸ்கூலு எங்களுக்கே இவ்ளோ லீவு கெடியாது."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் பிள்ளையின் முகம் மாதிரியே இருந்தது, விழுந்துவிட்டு அழலாமா வேண்டாமா என்று பார்க்குமே, அப்படி.

"வேலை போயிருச்சுங்க அக்கா. ஒரு மாசம் ஆச்சு. ஊட்டுல தெரியாதுங்க. நீங்க சொல்லீராதீங்க."

"கைக்கு சொல்லல?"

அவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு புரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தமிழில் கேட்டேன்.

"அவதான் தினமும் சாட்சி சொல்றாளேங்க. அத்தனை பேருக்கு முன்னாடி. இப்பப் போயி எப்படீங்க சொல்றது?"

கழுத்தில் ஆபீஸ் பட்டை தொங்கியது. அதன் நுனி சட்டைப் பையில் இருந்தது. அவர் குனிந்தபோது வெளியே விழுந்தது. ஆபீஸ் கார்டு இல்லை. அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் இடத்தில் எங்கள் பள்ளிக் கார்டைக் கோத்திருந்தார். பிள்ளையைக் கூட்டிப் போகக் காட்டுவதற்கு நாங்கள் கொடுக்கும் கார்டு. அதில் ஒரு மஞ்சள் வாத்து.

அவரைச் சந்தில் விட்டுவைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். பின்பக்கம் ஒரு அறை உண்டு. ஓட்டை விளையாட்டுச் சாமான் போடும் இடம். சாவி என்னிடம். திறந்துவிட்டேன். பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டி தாடைக்கு வந்தது. காலையில் பேப்பரில் வேலை விளம்பரம் பார்ப்பார். இன்டர்நெட் சென்டருக்குப் போய்வருவார். சும்மா இருக்க முடியாமல் ஓட்டை மூன்றுசக்கர சைக்கிள்களை ரிப்பேர் செய்தார். மூன்று செய்தார். ஒன்று ஓடியது. ஒன்று ஓடவில்லை. ஒன்று பின்பக்கமாக மட்டும் ஓடியது.

மத்தியானம் சாப்பாடு இல்லை. முன்பு ஆபீஸில் போடுவார்கள். அதனால் வீட்டில் கட்டிக்கொடுக்கும் பழக்கம் இல்லை. திடீரென்று கேட்டால் சந்தேகம் வரும். டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும்தான். பன்னிரண்டரைக்கு மனைவி முன்கேட்டில் வருவாள். இவர் ஜன்னல் ஓட்டையில் பார்ப்பார். மகள் கையை ஆட்டிக்கொண்டே போவதைப் பார்ப்பார். பிறகு ஆறு மணி வரை பொழுது போக வேண்டும்.

"சொல்லிடு சார்" என்பேன்.

"நாளைக்குச் சொல்லீர்றேனுங்க."

நாளைக்கு வரும். அவள் சாட்சி சொல்வாள். அவர் வாத்துக் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் வருவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பெரிய மிஸ்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. எளியவர்களையும் மதிக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். காலையில் வட்டத்தில் இங்கிலீஷில் சொன்னார்.

"இன்னைக்கு நம்ம ஆயம்மா ஜெபம் பண்ணுவாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். பிள்ளை முதல் தடவை தனியாக ஒன்றுக்குப் போனால் சிரிப்பார்களே, அது. தமிழில் சொல்லு, நான் இங்கிலீஷில் சொல்கிறேன் என்றார் சென்னைக்கார மிஸ். என் இடது கையைப் பிடித்திருந்தது திருநெல்வேலிக்காரி.

எனக்கு முறை தெரியாது. கேட்க எனக்கென்று ஒன்றுமில்லை. மனதில் இருந்தது ஒன்றுதான். முதல் தடவையாகக் கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் எதிரில் ஆள் இருப்பது மறந்துவிடுகிறது. ஆறு வருடம் வேடிக்கை பார்த்தும் அது எனக்குத் தெரியவில்லை.

"சாமி, நம்ம ஸ்கூலுப் பிள்ளை ஒண்ணு. அதோட அப்பாவுக்கு வேலை போச்சு. பொஞ்சாதிகிட்ட சொல்லல. தெனம் ஆபீஸ் போற மாதிரி கெளம்பி வராரு. அவருக்கு வேலை குடு. இல்லாட்டி, சொல்றதுக்கு வாயையாவது குடு."

பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாததால் தப்பில்லை என்று நினைத்தேன். சென்னைக்கார மிஸ் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னார். கண்ணைத் திறந்தேன். பதிமூணு பேர் எனக்கு முன்பே திறந்திருந்தார்கள்.

திருநெல்வேலிக்காரி ஒருத்திதான் இன்னும் கண்ணை மூடியிருந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்து, "ஆமென்" என்றாள்.

அன்று வட்டம் கலைந்த வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எல்லாரும் செல்போனோடு ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். வீட்டுக்காரருக்குப் போன். செல்லில் இல்லை, ஆபீஸ் நம்பரில்.

நான் ஜெபித்தது ஒரு ஆளுக்கு. இரண்டே நாளில் வேறு மூன்று பேர் மாட்டினார்கள். ஒருவர் இரண்டு மாதமாக உப்பல் ஏரியாவில் தம்பி வீட்டில் பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறார். ஒருவர் தினமும் சினிமா. மூன்றாமவருக்கு வேலை இருந்தது. ஆனால் அன்று ஆபீஸில் ஆள் இல்லை. அவர் எங்கே இருந்தார் என்பதை வட்டத்தில் ஜெபக் குறிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை.

போன் போடாதது திருநெல்வேலிக்காரி மட்டும்.

"பாவம்க்கா அந்தப் பொம்பளைய. புருஷன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? நான்லாம் எங்க வீட்டுக்காரவுக நடந்து வாரதுலயே கண்டுபிடிச்சிருவேன்."

நான் பால்டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினேன்.

பெரிய மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தெலுங்குக்காரர். என்னிடம் எங்கள் ஊர் இந்தியில்தான் பேசுவார். மாட்டியவர்கள் மூன்று பேர். நான் ஜெபித்த ஆள் அவர்களில் ஒருவரா, வேறு ஆளா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"கோன் ஹை ஆயம்மா? போலோ."

"நக்கோ மிஸ்." மாட்டேன் என்றேன்.

பேர் தெரிந்தால்தான் ஜெபம் குறிப்பாகப் போகும் என்றார். பேர் இல்லாத ஜெபம் பொதுவாகப் போய்விடுமாம்.

"அட்ரஸ் எழுதாத தபாலா மிஸ் அது, திரும்பி வர்றதுக்கு?" என்றேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அதனால் அன்று பீங்கான் கப்பில் டீ வந்தது.

நாலாம் நாள் திருநெல்வேலிக்காரி வட்டத்தில் பேசினாள். ஜெபித்தால் மட்டும் போதாது, அந்தக் குடும்பத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றாள். ஆளுக்கு ஒரு நாள். பெரிய மிஸ் உடனே அதற்கு 'லவ் டிபன்' என்று பேர் வைத்தார். கலர் அட்டையில் பட்டியல் எழுதி, பூ வரைந்து, சுவரில் நாய்க்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். வீடு எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு.

வீடு இருபது அடி தூரத்தில் இருந்தது.

முதல் நாள் ஒரு தெலுங்கு அம்மா. கோங்குரா என்கிற புளிச்சக்கீரைப் பச்சடியும் சாதமும். அறையில் இருந்தவர் காரத்தில் அழுதார். இரண்டாம் நாள் வடநாட்டு அம்மா. இரண்டு ரொட்டி. வேலை இருக்கிற ஆளுக்கு நாலு வைப்பாளாக இருக்கும். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மிஞ்சின பிரியாணி வந்தது. மூடியைத் திறந்ததும் எனக்கே தெரிந்தது. "சாப்பிடாதே சார்" என்றேன். பசி. சாப்பிட்டார். மறுநாள் முழுக்க அவருக்குப் பிள்ளைகளின் கக்கூஸ்தான். அதிலும் முட்டி தாடைக்கு வந்தது.

வியாழக்கிழமை திருநெல்வேலிக்காரியின் முறை. மூன்று அடுக்குக் கேரியர். சூடாக இருந்தது.

"சொதி வச்சிருக்கேன்க்கா. இஞ்சிப் பச்சடி இருக்கு. பாவம், அவுகளுக்கு நல்லாச் சாப்பிடணும்."

வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். அவர் கேரியரைப் பார்த்தார். பிடியைத் தொட்டார். அடியில் ஒரு நசுங்கல். அதைத் தடவினார்.

"இது எங்க ஊட்டுத் தூக்குங்க அக்கா. குடி வந்தன்னிக்கு நாந்தான் கீழ போட்டனுங்க."

"ஹவ்" என்றேன், ஆமாம் என்று. "சாப்பிடு சார். ஆறிடும்."

சிரிப்பாரா அழுவாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. மூன்று அடுக்கும் காலியானது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"உப்பு பத்தலைங்க."

பன்னிரண்டரைக்கு அவள் கேட்டில் காத்திருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டுக் கேரியரைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாகக்கா? நல்லா இருந்துச்சாமா?"

எனக்குப் பொய் வராது. "உப்பு பத்தலையாம்."

"ஓசிச் சோத்துக்கு நொட்டமாக்கும்!"

மறுநாள் வட்டத்தில் கண்ணை மூடி ஜெபித்தாள். "ஆண்டவரே, அந்தச் சகோதரனுக்கு வேலை கொடும். அதுக்கு முன்னாடி தாழ்மையக் கொடும்." சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்டிருக்கும். மெல்லிய சுவர்தான்.

அடுத்த வாரம் லவ் டிபன் இளைத்தது. ஒருத்திக்கு ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கேஸ் தீர்ந்துவிட்டது. ஒருத்தி அந்தக் குடும்பம் நன்றியோடு இருக்கிறதா என்று விசாரித்தாள். இருக்கிறது என்றேன். நன்றிக் கடிதம் ஒன்று கொடுத்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்றாள். நான் கடிதம் கொடுக்கவில்லை. அவளும் கேரியர் கொண்டுவரவில்லை. சுவரில் பூ மட்டும் இருந்தது.

திருநெல்வேலிக்காரி விடவில்லை. மற்றவர்கள் நாளையும் தானே எடுத்துக்கொண்டாள். திட்டிக்கொண்டே சமைத்தாள். தினமும் கேட்பாள். தினமும் நான் உள்ளதைச் சொல்வேன். கீரை குழைந்துவிட்டதாம். ரசத்துக்குப் புளி ஜாஸ்தியாம்.

"வேலையில்லாத மனுஷனுக்கு வாய் மட்டும் எம்புட்டு நீளம்!" என்பாள். ஆனால் மறுநாள் ரசத்தில் புளி குறைந்திருக்கும்.

அவரிடமும் சொன்னேன். "உன் பொஞ்சாதி சமைக்குது, நீ குத்தம் சொல்ற. நடுவுல நான் இன்னா, தபால்காரியா? வாயத் தெறந்து நீயே சொல்லேன் சார்."

"நாளைக்குங்க அக்கா."

ஒரு புதன்கிழமை புளிக்குழம்பு வந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். என்னிடம் பேசவில்லை. வீட்டில் சாப்பிடுகிற ஞாபகத்தில் பேசினார்.

"பூண்டை இப்படி முழுசு முழுசாப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது. நசுக்கிப் போடோணும். எங்கம்மா அப்படித்தான் போடும். சொன்னாக் கேட்டாத்தானே."

பன்னிரண்டரைக்கு அவள் கேட்டாள். நான் சொன்னேன்.

"பூண்டை நசுக்கிப் போடணுமாம். அவங்க அம்மா அப்படித்தான் போடுவாங்களாம்."

தெரிந்துதான் சொன்னாயா என்று கேட்டால், ஆமாம். அவர் சொல்லச் சொன்னதில்லை. வேலை போனதைத்தான் சொல்லாதே என்றார், பூண்டைச் சொல்லாதே என்று சொல்லவில்லை. ஒன்றரை மாதம் சாவி என் இடுப்பில் இருந்தது. கனத்தது.

அவள் 'ஓசிச் சோறு' என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள். கழுவித் துடைத்திருந்தது. மகள் அவள் துப்பட்டாவை இழுத்து, பள்ளியில் பழகிய தெலுங்கில் வீட்டுக்குப் போகலாம் என்றது. அவள் பின்பக்க அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் போனாள்.

மறுநாள் வட்டத்தில் அவள் முறை வந்தது. சாட்சிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இன்னிக்கு ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள்.

என் கையில் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போனாள். முகத்தில் கோபமா என்றால் கோபம்தான். ஆனால் கேரியர் கனமாக இருந்தது.

பன்னிரண்டுக்கு அவர் திறந்தார். மேல் அடுக்கில் சாதம். சாதத்தின் மேல் பேப்பர் பொட்டலம் ஒன்று, நூல் சுற்றி. பிரித்தார். உப்பு. இரண்டு கை உப்பு.

பொட்டலத்தை மறுபடி மடித்தார்.

"தெரிஞ்சிருச்சுங்களா அக்கா?"

"எனக்கு இன்னா தெரியும். உப்பு வந்திருக்கு. போட்டுக்க சார்."

அவர் போட்டுக்கொள்ளவில்லை. குழம்பில் பூண்டு நசுங்கியிருந்தது. முழுக்கச் சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. கேரியரைக் கழுவினார். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும், ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக, முன்பக்கமாக நடந்தார். கழுத்தில் பட்டை. பையிலிருந்து வெளியே விழுந்து வாத்து ஆடிக்கொண்டே போனது. கேட்டில் நின்ற மிஸ்களும் அம்மாக்களும் வழி விட்டார்கள்.

அவள் நின்றிருந்தாள். அவர் கேரியரை நீட்டினார். அவள் வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பூண்டு?"

"ம்."

"வீட்டுக்கு வாங்க. இருக்கு ஒங்களுக்கு."

மகள் நடுவில் நின்றது. ஸ்கூட்டரில் மூன்று பேரும் போனார்கள்.

மறுநாள் காலை வட்டத்தில் யாரும் தாமதமாக வரவில்லை. வழக்கமாக வராத அம்மாக்களும் வந்தார்கள். அவள் வருவாளா என்று பார்க்க வந்தார்கள். அவள் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான் வேலை போயிட்டு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஜெபிக்கிறவுக ஜெபிங்க. கேரியர் மட்டும் யாரும் கொண்டு வர வேண்டாம். ஞாயித்துக்கெழமைப் பிரியாணியச் செவ்வாக்கெழம குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்கு ஒருநாள் பூரா வயித்தால போச்சு."

அல்லேலூயா வரவில்லை. பிரியாணி கொடுத்த அம்மா ஆட்டுக்குட்டிப் படத்தைப் பார்த்தாள்.

பெரிய மிஸ் கெட்டிக்காரர். ஆண்டவர் நம் ஜெபத்தைக் கேட்டார், நன்றி சொல்வோம் என்றார். நோட்டைத் திறந்து என் குறிப்பைத் தேடினார். நான் கேட்டது இரண்டு. வேலை கிடைக்கவில்லை. அது எட்டு மாதம் கழித்து, சென்னையில், பாதிச் சம்பளத்துக்குக் கிடைத்தது. வாய் கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. அவர் கடைசி வரை வாயைத் திறந்து சொல்லவே இல்லை. பெரிய மிஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய டிக் போட்டார்.

அந்தச் சார் சென்னைக்குப் போகும்வரை அந்த எட்டு மாதமும் பன்னிரண்டரைக்கு அவரேதான் மகளைக் கூட்டிப் போக வருவார். வாத்துக் கார்டை எடுத்துக் காட்டுவார். காட்டத் தேவையில்லை, இருந்தாலும் காட்டுவார். அவள் வட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் சாட்சி சொல்லவில்லை. பள்ளியை விட்டுப் போகிற அன்று எனக்கு ஒரு டப்பா இஞ்சிப் பச்சடி கொடுத்தாள்.

"உப்பு பாத்துச் சொல்லுங்கக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு என்னை யாரும் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. டீ மறுபடி ஸ்டீல் டம்ளருக்கு வந்தது. பின்பக்கமாக ஓடும் சைக்கிளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போட்டார்கள்.